டயரைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதங்கள் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. இரண்டும், இரவு நேரத்தில் புறவழிச்சாலையில் பையன்கள் காரை விரட்டுவதைப் பற்றியவை. கார் பந்தய வீடியோ கேம்களைத் தடை செய்தாலே பாதி விபத்து நின்றுவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வண்டியை ஆல்டர் செய்து கொடுக்கிற கடைகளுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்பது இன்னொருவர் கருத்து. அவர்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு போனால், ஹாரன் சத்தம் தெருமுனையில் கேட்கிறவரை தூங்காத வீடு எங்கள் வீடும்தான். ஆனால் அந்த இரண்டு கடிதங்களிலும் டயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட் கடைகிற வேலை. சிறு வயதிலிருந்தே கார் என்றால் உயிர். கோயம்புத்தூரில் பட்டறை வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். மாருதி 800 என்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் எங்கள் ஊர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த 2.1 கிலோமீட்டர் ஓடுதளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அங்கே பந்தயம் நடக்கிற ஞாயிறு என்றால் காலையிலேயே போய் வேலி ஓரம் நின்றுவிடுவேன். இதைச் சொல்வதற்குக் காரணம், வேகத்தை வெறுக்கிற ஆள் இந்தக் கடிதத்தை எழுதவில்லை என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான்.

2019 ஜூன் மாதம். பாலக்காட்டில் மனைவியின் அக்கா வீட்டில் விசேஷம். இரண்டு மாதம் முன்புதான் 2010 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கியிருந்தேன். ஒரே ஆள் ஓட்டிய வண்டி, 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. என்ஜினைக் கேட்டுப் பார்த்தேன், கிளட்ச் பார்த்தேன், அடியில் படுத்து துரு இருக்கிறதா என்று பார்த்தேன். டயரையும் பார்த்தேன். பட்டன், அதாவது சாலையைத் தொடுகிற ரப்பர் கட்டைகள், நன்றாக இருந்தது. என் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்ததில் பட்டன்களுக்கு நடுவே ஐந்தரை மில்லிமீட்டர் ஆழம். புது டயரிலேயே ஏழு, எட்டுதான் இருக்கும். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர். அப்படியானால் இன்னும் இரண்டு வருடம் கவலையில்லை என்று நினைத்துவிட்டேன்.

வாளையாறு தாண்டியதும் மழை பிடித்தது. பெருமழை இல்லை, தார் நனைந்து பளபளக்கிற அளவுதான். எழுபது, எழுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக்கை மிதித்தேன். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இல்லாத வண்டி. கால் அழுந்தியது, வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் மெதுவாக இடதுபுறம் நகர்வது இருக்கையில் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கையில் எந்த எதிர்ப்பும் இல்லை, எண்ணெயில் விட்ட மாதிரி சுழன்றது. அடுத்த கணம் நாங்கள் வந்த திசையைப் பார்த்தபடி, நடுத்தடுப்பை ஒட்டி நின்றுகொண்டிருந்தோம். மனைவி மடியில் இருந்த சீர்த்தட்டு கவிழ்ந்து, எலுமிச்சம்பழம் என் காலடியில், பிரேக் பெடலுக்குக் கீழே வந்து உருண்டது. பின்சீட்டில் இருந்த மகன் சத்தமே போடவில்லை. என் இருக்கையைப் பிடித்த பிடியை அவன் விடுவதற்கு வெகுநேரம் ஆனது. பின்னால் வந்த பேருந்துக்காரர் இடப்பக்கம் ஒதுங்கிப் போனதால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சற்று தூரத்தில் ஒரு பஞ்சர் கடை. வயதான ஒருவர் இருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், ஒன்றும் பேசவில்லை. ஈரத்துணியால் முன்டயரின் பக்கவாட்டைத் துடைத்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்: 2210. “2010-ம் வருஷம், இருபத்திரண்டாவது வாரம் செஞ்ச டயருங்க இது. ஒம்பது வருஷமாச்சு. நகத்தை வெச்சு அழுத்திப் பாருங்க” என்றார். அழுத்தினேன். நகம் இறங்கவில்லை. பட்டன்களுக்கு நடுவே, பள்ளத்தின் அடியில், காய்ந்த ஏரிமண் மாதிரி மெல்லிய வெடிப்புகள். வெயிலில் நின்று நின்று ரப்பர் இறுகிவிட்டது. “பட்டன் இருந்து என்னங்க பண்றது? ரப்பர் மரக்கட்டையாப் போச்சே” என்றார்.

முப்பது வருடமாக இரும்பை அளந்து பிழைக்கிறவன் நான். ஒரு அளவை எடுத்துக்கொண்டு, பொருள் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் விட்டது என் தவறு. விற்றவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அவருக்கும் இது தெரிந்திருக்காது. ஆனால் அந்த நான்கு எண்களைப் பற்றி அதுவரை யாருமே எனக்குச் சொன்னதில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லவில்லை, சர்வீஸில் சொல்லவில்லை, வண்டியை வாங்கி விற்கிற இடத்தில் சொல்லவில்லை. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். அவ்வளவுதான் விஷயம். ஆறு வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள் என்று பல கார் நிறுவனங்கள் கையேட்டிலேயே எழுதுகின்றன. பத்து வருடத்துக்கு மேல் எந்த நிலையிலும் ஓட்டாதீர்கள் என்று டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. குறைவாக ஓடிய வண்டிகளில்தான் இந்த ஆபத்து அதிகம். ஓட்டியே தேய்த்தவர் மூன்று, நான்கு வருடத்தில் தானாகவே மாற்றிவிடுவார். வாரம் ஒரு முறை கோயிலுக்கு மட்டும் எடுக்கிற பெரியவர்களின் கார்களைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் உங்கள் பத்திரிகைக்கு நான் அஞ்சலட்டையில்தான் எழுதுவேன். 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். அந்த அட்டையை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கணக்கைப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார். டயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்று, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. 1,200-ஐ 2.25-ஆல் வகுத்தால் 533 சதுர சென்டிமீட்டர். நான்கு டயருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 133. டயரின் பக்கச்சுவர் தாங்குகிற கொஞ்சத்தைக் கழித்தால் ஏறக்குறைய ஒரு அஞ்சலட்டை. கார் எவ்வளவு விலையாக இருந்தாலும் சாலையைத் தொடுவது நான்கு அஞ்சலட்டை அளவு ரப்பர்தான். என்ஜினின் வேகமும் பிரேக்கின் பிடியும் ஸ்டியரிங்கின் திருப்பமும் அந்த நான்கு அட்டை வழியாகத்தான் சாலைக்குப் போக வேண்டும். ஏபிஎஸ்கூட, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, ரப்பரில் இல்லாத பிடிமானத்தைக் கொண்டுவந்து கொடுக்காது.

அப்புறம் காற்று. நாசா, விமானச் சக்கரங்கள் ஈர ஓடுபாதையில் வழுக்குவதை ஆராய்ந்து ஒரு எளிய சூத்திரம் கண்டுபிடித்தது. டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து ஒன்பதால் பெருக்கினால், எத்தனை நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் என்பது தெரியும். தேய்ந்த டயர், தேங்கிய தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 32 பவுண்டுக்கு மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். அதே டயரில் காற்று இறங்கி 22 ஆக இருந்தால் 78 கிலோமீட்டர். பத்து பவுண்டு காற்று, பதினாறு கிலோமீட்டர் வேகம். பட்டன் நன்றாக இருந்தால் தண்ணீர் பள்ளங்கள் வழியே வெளியே போகும், கணக்கு நமக்குச் சாதகமாக மாறும். ஆனால் காற்று குறைந்த டயரைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான காற்றிலும் சற்றுப் பிதுங்கித்தான் இருக்கும். காற்றழுத்தம் அளக்கிற கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பு. ஓடிச் சூடான டயர் மூன்று, நான்கு பவுண்டு கூடுதலாகக் காட்டும். நைட்ரஜன் பிடித்தால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதைப் பிடித்தாலும் சரி, மாதம் ஒரு முறை அளந்து பாருங்கள்.

இனி வீடியோ கேம் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகன் இப்போது பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். ப்ளஸ் டூ முடித்த கையோடு, கேமுக்கென்றே விற்கிற ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கித் தரச் சொன்னான். வாளையாறு சம்பவத்துக்குப் பிறகு எனக்கு மனமே இல்லை. கடைசியில், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிக் கொடுத்தேன். பட்டறைக்காரன் என்பதால் ஸ்டியரிங்கைப் பொருத்த ஒரு சட்டமும் வெல்டிங் செய்து கொடுத்தேன். உட்கார்ந்து பார்த்த பிறகுதான் என் எண்ணம் மாறியது.

கேம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். போலீஸ் துரத்த, எதிரே வருகிற வண்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் பறக்கிற வகை ஒன்று. நானும் பிரவுசிங் சென்டர் காலத்தில் நீட் ஃபார் ஸ்பீடில் அதைப் பார்த்தவன்தான். அதில் சுவரில் மோதினால் வண்டி பந்து மாதிரி திரும்பி வரும். சின்னப் பிள்ளைகள் அதை மட்டும் வருடக்கணக்கில் ஆடுவது எனக்கும் பிடிக்கவில்லை. இன்னொரு வகை, நிஜ ஓடுதளங்களை அளந்து, நிஜக் கார்களின் குணத்தோடு செய்தது. கிரான் டூரிஸ்மோ, அசெட்டோ கோர்சா, ஐரேசிங் போன்றவை. மகன் ஆடுவது அசெட்டோ கோர்சா. அதில் ஒவ்வொரு டயரின் சூடும் காற்றழுத்தமும் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வாரத்தில் வளைவுக்கு வளைவு புல்லில் போய் விழுந்தான். ஒரு மாதத்தில், வளைவு வருவதற்கு முன்பே நேராகப் பிரேக் பிடித்து முடித்து, பிறகு திருப்பி, வெளியே வரும்போதுதான் ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டும் என்று அவனுக்குப் பழகிவிட்டது. இதைத்தான் செட்டிபாளையத்திலும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஒரு நாள் அவனே எனக்கு ஒன்றைச் செய்து காட்டினான். ஒரே கார், ஒரே தடம். முதலில் என்ஜினின் சக்தியைக் கூட்டிக்கொண்டு ஓட்டினான். ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடிகூடக் குறையவில்லை. பிறகு என்ஜினைப் பழையபடி வைத்துவிட்டு டயரை மட்டும் நல்லதாக மாற்றினான். நான்கு விநாடிக்கு மேல் குறைந்தது. “பார்த்தீங்களாப்பா, டயருதான்” என்றான். அன்று இரவு அவனுக்கு நான் இப்படி விளக்கினேன்: டயரின் பிடிமானம் என்பது சட்டைப்பையில் இருக்கிற நூறு ரூபாய். பிரேக்குக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், திருப்புவதற்கும் அதிலிருந்துதான். வளைவுக்குள் போய்ப் பதறி மொத்தப் பணத்தையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால், திருப்புவதற்குக் காசு இருக்காது, வண்டி நேராகத்தான் போகும். மழையில் அந்த நூறு ரூபாய் அறுபதாகிவிடும். கிழட்டு டயர் என்றால் அதிலும் பாதி. அவனுக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் அவன் கை அதை ஏற்கனவே கேமில் அனுபவித்திருந்தது. கேம் இல்லாமல் இதை நான் அவனுக்கு எங்கே கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்? வாளையாற்றிலா?

கேம் ஆடியே பந்தய வீரரானவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ கிரான் டூரிஸ்மோ ஆடி, அதற்கான போட்டியில் 2011-ல் ஜெயித்து, முறையான பயிற்சி பெற்று, 2013-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். முறையான பயிற்சி பெற்று என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். கேமில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஆடுகிறவன் நூறு முறை ஓட்டிப் பார்த்திருப்பான். அவினாசி சாலையில் தப்பான பக்கம் வருகிற டூவீலர், பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குறுக்கே ஓடுகிற அம்மா, தெரு நாய் யாரும் அதில் இல்லை. இருக்கை வழியாக முதுகில் தெரிகிற அந்த நழுவலும் அதில் வராது. அதனால் என் மகனிடம் ஒரு வாக்குறுதி வாங்கியிருக்கிறேன்: கேம் ஆடி எழுந்தவுடன் கார் சாவியைத் தொடக் கூடாது. சாப்பிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான். கண்ணும் காலும் சாலையின் வேகத்துக்கு இறங்கி வர அந்த நேரம் வேண்டும் என்பது என் அனுபவம்.

இப்போது ஆல்டரேஷன். இதில் எனக்கு வேதனை அதிகம், ஏனென்றால் இது எங்கள் குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. தங்கை மகன் ஒரு போலோ கார் வைத்திருக்கிறான். ஐடி வேலை, கையில் காசு. ஒரே வருடத்தில் சஸ்பென்ஷனை இறக்கினான், சைலன்சரை மாற்றினான், ஹெட்லைட்டில் கண்ணைக் கூசும் வெள்ளை எல்இடி போட்டான். 15 இஞ்ச் வீலை எடுத்துவிட்டு 17 இஞ்ச் அலாய் போட்டான். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, “எப்படி மாமா இருக்குது?” என்று ஆசையாகக் கேட்டான். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இருபது வயதில் இருந்த அதே முகம். கீழே உட்கார்ந்து டயரைப் பார்த்தேன். 215/40 ஆர்17. அதாவது அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 17 இஞ்ச். கணக்குப்படி தப்பில்லை. பழைய 185/60 ஆர்15 டயரின் மொத்த உயரம் 603 மில்லிமீட்டர், இதுவும் கிட்டத்தட்ட அதேதான். ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே இருக்கிற ரப்பர் 111 மில்லிமீட்டரிலிருந்து 86-ஆகக் குறைந்துவிட்டது. நம் ஊர்ச் சாலையில் பாதாளச் சாக்கடை மூடி ஒவ்வொன்றும் அந்த 86 மில்லிமீட்டரைத் தாண்டி ரிம்மைத் தட்டும்.

தட்டியும் இருந்தது. இடது முன்டயரின் உள்பக்கம், கையை விட்டுத் தடவியபோது, கோழி முட்டை அளவுக்குப் பொடைத்துக்கொண்டு ஒரு வீக்கம். உள்ளே நூல் அறுந்தால்தான் அப்படி வரும். அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேதியைப் பார்த்தேன். நான்கு டயரில் மூன்று வேறு வேறு வருடம், எல்லாமே ஏழு வருடத்துக்கு மேல். வீலுக்கும் சஸ்பென்ஷனுக்கும் காசு தீர்ந்துபோனதால், யாரோ கழற்றிப் போட்ட பழைய டயரை ஒன்று 2,500 ரூபாய்க்கு வாங்கி மாட்டியிருக்கிறான். மேலே கறுப்புப் பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி மினுக்கி விற்றிருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, நான் அவனைத் திட்டவில்லை. அவன் கையைப் பிடித்து அந்த வீக்கத்தின் மேல் வைத்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள்தான் என் தங்கையையும் கூட்டிக்கொண்டு அந்த டயரில் சேலத்திலிருந்து நூறு, நூற்றிப்பத்தில் வந்திருக்கிறான். அடுத்த மாதமே 17 இஞ்ச் வீலை விற்றுவிட்டு, பழைய வீலிலேயே 195/55 ஆர்15, நான்கும் ஒரே மாதிரி, தேதி பார்த்துப் புது டயர் போட்டான். “மாமா, வேற வண்டி மாதிரி இருக்குது. பிரேக் பிடிச்சா அப்படியே நிக்குது” என்று போன் செய்தான். சைலன்சரையும் பழையபடி மாற்றிவிட்டான். எல்இடியைக் கழற்ற வைக்க மட்டும் இன்னொரு முறை பேச வேண்டியிருந்தது. ஹாலஜனுக்காகச் செய்த கிண்ணத்தில் எல்இடி பல்பைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். பொள்ளாச்சி சாலையில் இரவில் ஓட்டுகிறவர்கள் அனைவரும் இதற்குச் சாட்சி.

சட்டம் இல்லாமல் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சாலையில் பந்தயம் விட்டால் அதற்குத் தனி. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் போலீஸ் பிடிக்கிற மாற்றமெல்லாம் காதுக்குக் கேட்கிறதும் கண்ணுக்குத் தெரிகிறதும்தான். சைலன்சர், கண்ணாடிக் கறுப்பு, நம்பர் பிளேட். ஒன்பது வருட டயரோடு அமைதியாகப் போகிற என்னைப் போன்ற ஆளை யாரும் நிறுத்த மாட்டார்கள். சொந்த உபயோகக் கார் என்றால் பதிவு செய்து 15 வருடம் வரை எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்டவும் வேண்டாம். 1.6 மில்லிமீட்டர் விதி இருக்கிறது, அதையும் ரப்பர் இறுகிய டயர் சுலபமாகத் தாண்டிவிடும் என்பதை என் வெர்னியரே எனக்குக் காட்டியதே.

இந்த இடத்தில் 2005 ஜூன் 19 ஞாயிறு இரவை நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஃபார்முலா 1 பந்தயம். நம் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்கு ஓட்டிய வருடம். தூங்காமல் டிவி முன் உட்கார்ந்திருந்தோம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே, சாய்வான கடைசி வளைவில் மிஷெலின் டயர் தாங்காமல் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா சுவரில் மோதியது. அந்த வளைவில் அந்த வேகத்தில் எங்கள் டயர் பந்தயம் முழுக்கத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று அந்த நிறுவனமே எழுதிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை, சுற்றி வந்து பந்தயம் தொடங்க வேண்டிய நேரத்தில், மிஷெலின் போட்ட 14 கார்களும் வரிசையாகப் பந்தயத்தை விட்டு உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்தார். ஃபார்முலா 1-ல் ஒரு இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. அரங்கில் இருந்தவர்கள் கோபத்தில் கூச்சல் போட்டார்கள், அதுவும் நியாயம்தான், காசு கொடுத்து வந்தவர்கள். ஆனால் எனக்கு அந்த 14 கார்கள் திரும்பிய காட்சிதான் இன்றும் மனதில் நிற்கிறது. உலகத்திலேயே மிகத் திறமையான ஓட்டுநர்கள், மிகச் சக்தி வாய்ந்த என்ஜின்கள். டயர் மேல் நம்பிக்கை இல்லை என்றதும் வண்டியை உள்ளே விட்டுவிட்டார்கள். பந்தயக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம் என்று சொல்கிற தம்பிகள் இதையும் கற்றுக்கொள்ளலாம்.

அஜித் குமார் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்த பிறகு, எங்கள் பட்டறைப் பையன்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே பேசவில்லை. எனக்கு அது மகிழ்ச்சிதான். பயிற்சியில் அவர் கார் சுவரில் மோதிச் சுழன்ற வீடியோவைக் காட்டி, அவர் உடம்பில் கீறல்கூட இல்லாமல் இறங்கியதற்குக் காரணம் என்ன என்று கேட்டேன். ரோல் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு, ஆறு முனை பெல்ட், ஹெல்மெட், கழுத்துக் காப்பு என்று ஒவ்வொன்றாக அவர்களே சொன்னார்கள். பையன்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்த அறிவைக் கொண்டுபோய் வைக்க இடம்தான் இல்லை.

அதனால் கேமையும் கடையையும் மூடுவதற்குப் பதில் வேறு சிலவற்றைக் கேட்கிறேன். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையை அடைத்து இரவுப் பந்தயம் நடத்த முடிந்த மாநிலம் இது. கோயம்புத்தூரில் செட்டிபாளையம் இருக்கிறது, சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, சாதாரண ஆட்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து, குறைந்த கட்டணத்தில், ஈரத்தரையில் பிரேக் பிடித்துப் பழக ஏற்பாடு செய்யலாம். அதற்குப் பந்தயத் தளம்கூடத் தேவையில்லை. ஒரு பெரிய காலி மைதானம், ஒரு லாரித் தண்ணீர், பத்துக் கூம்புகள், சொல்லிக்கொடுக்க ஒருவர் போதும். என் உரிமத் தேர்விலும் சரி, இருபத்தைந்து வருடம் கழித்து என் மகன் தேர்விலும் சரி, ஈரத்தரையில் ஐம்பதில் வந்து மிதித்துக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. முதல் தடவை வண்டி வழுக்குவது எப்படி இருக்கும் என்பதை ஒருவன் குடும்பத்தோடு போகும்போது நெடுஞ்சாலையில் தெரிந்துகொள்ளக் கூடாது.

பழைய கார் கைமாறும்போது ஆர்சி, இன்சூரன்ஸ் பார்க்கிற மாதிரி நான்கு டயரின் தேதியையும், ஸ்டெப்னியின் தேதியையும் சேர்த்து விற்பனைச் சீட்டில் எழுதும் பழக்கம் வர வேண்டும். ஸ்டெப்னியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிக்கிக்குள் வெயில் படாமல் இருந்தாலும் அதற்கும் வயதாகும். என் பழைய ஸ்விஃப்ட்டில் அது தரையைத் தொட்டதே இல்லை, புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. அதன் தேதியும் 2010-தான்.

உங்களிடம் கேட்பது ஒன்று. வாரா வாரம் புதுக் கார்களின் படமும் விலையும் உங்கள் பத்திரிகையில் பார்க்கிறேன், விரும்பிப் படிக்கிறேன். இன்னும் சில வாரங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். முதல் மழையில்தான் தூசியும் எண்ணெயும் கலந்து சாலை மிக மோசமாக வழுக்கும். அதற்கு முன்னால் ஒரு நாள், அந்தக் கார்ப் பக்கத்தின் ஓரத்தில் சிறிய கட்டம் ஒன்று போட்டு, டயரின் பக்கவாட்டையும் அந்த நான்கு எண்களையும் படமாக வெளியிடுங்கள். படம் தேவைப்பட்டால் என்னிடம் இருக்கிறது. வாளையாற்றில் கழற்றிய அந்த 2210 டயரை விற்காமல் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். உங்கள் புகைப்படக்காரரை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். காலை ஒன்பது மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
கணபதி, கோயம்புத்தூர் – 6